சந்தனம் பூசிய போல்ட்டு

ஓடாத காரைப் பற்றி உலகத்திலேயே அதிகமாகப் பேசிய மனிதர் எங்கள் போல்ட்டு சார்தான். ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சொந்தப் பேர் ஏதோ இருந்தது, யாருக்கு வேண்டும்?

எங்கிருந்தோ ஒரு பழைய ரேஸ் காரை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிய கையோடு இன்ஜினைப் பிரித்துப் போட்டார். பிஸ்டன் ராடை அடியில் இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டுகள் இழுபட்டு நீண்டுவிட்டனவாம். ஒன்று அறுந்தாலும் ராடு இன்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வருமாம். பால்காரரை நிறுத்திவைத்து இதைச் சொல்வார். எனக்கு ஆண்கள் முன்னால் நிற்கக் கூச்சம். மாடியில் காயும் புடவைகளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வேன்.

அமெரிக்காவிலிருந்து எட்டுப் புது போல்ட்டு வந்தது. பச்சைக் குழந்தையைப் போல் துணியில் சுற்றி வைத்தார். யார் பக்கத்தில் போனாலும், "தொடாதீங்க!"

அவர் மனைவி ரேவதி ஏழு மாதக் கர்ப்பிணி. "ஏனுங்க, வளைகாப்பு முடிஞ்சா அம்மா என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அதுக்குள்ள ஒருக்கா உங்க கார்ல கூட்டிட்டுப் போவீங்களா?" என்றாள்.

"டேங்க்பண்டு ஏரிக்கரை முழுக்கச் சுத்திக் காட்டறேன். போல்ட்டை மட்டும் தொட்ராத. வேர்வை பட்டாலே ஆகாது."

பாவம், அவள் அந்தப் பக்கம் தும்மக்கூட இல்லை.

ஆயுத பூஜை வந்தது. மனிதர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஸ்பேனர்களோடு அந்த எட்டையும் பலகையில் நிறுத்தினார். ஒவ்வொன்றின் மரையிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். அவரேதான். சூடம் காட்டிவிட்டு, அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மரையில் அதற்கான எண்ணெய் தவிர வேறெதுவும் படக்கூடாதாம். பட்டால் இறுக்கம் தப்பிவிடுமாம். தெருவுக்கே இந்தப் பாடம் எடுத்த மேதாவி!

பெட்ரோலில் ஊறவைத்தார். டூத் பிரஷால் தேய்த்தார்.

"பளிச்சுனு இருக்குதுங்க," என்றாள் ரேவதி.

"உள்ள செவப்பாத் தெரியுது," என்றார், பூதக்கண்ணாடியோடு.

வளைகாப்பு நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் ரயில். நானும் கூட்டம் குறைந்தபிறகு போய், கடைசி ஆளாகச் சந்தனம் பூசினேன். கை நிறைய வளையலோடு அவள் காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பூட்டி ஓட்டிரலாம் ரேவதி. வழியில ஒண்ணு அறுந்தா? அந்தப் போல்ட்டை நம்பி உங்க ரெண்டு பேரையும் நான் ஏத்த மாட்டேன்."

"நீங்க ஏத்த வேண்டாம்," என்று கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். "நானே ஏறிட்டேன்."

அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினார். கார் நகர்ந்தது. வாயாலேயே உறுமல் சத்தம் வேறு.

"கைக்கு சாப், இன்ஜின் கிதர்?" என்று இன்ஜின் எங்கே என்பதாகக் கேட்டுச் சிரித்தார் எதிரே வந்த ஆட்டோக்காரர்.

"பூஜையில இருக்குதுங்க!" என்றார் இவர், தள்ளிக்கொண்டே.

முனை மேட்டில் கார் நின்றுவிட்டது. அவர் முக்குகிறார், நகரவில்லை. தெருவே நின்று சிரித்தது. எனக்கு என்ன வந்ததோ, விறுவிறுவென்று போய் அவர் பக்கத்தில் நின்று தள்ளினேன். மேடு ஏறியது. ரேவதி உள்ளே வளையல் குலுங்கச் சிரித்தாள்.

என் உள்ளங்கைச் சந்தனம் அப்படியே காரின் பின்னால் பதிந்துவிட்டது. தொடாதீங்க என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கார் அங்கே நின்றவரை அதைத் துடைக்கவுமில்லை.