கெப்பி கைது செய்ய மறுத்த கொலையாளி

கற்பனைக் கதையில் மாட்டிக்கொண்ட ஒரு நிரபராதிக்காகப் படப்பிடிப்பையே நிறுத்திய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் என் எதிர் வீட்டில் இருக்கிறார். ரிட்டையர்டு ஏட்டு. எங்கள் ஊர் போலீசின் சிவப்புத் தொப்பியான கெப்பியை மீன் வாங்கப் போகும்போதும் கழற்ற மாட்டார். அதனால் தெருவுக்கே அவர் கெப்பிதான்.

பழைய துப்பறியும் நாவல் ஒன்றை டி.வி. தொடராக எழுதும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. முதல் வேலை. சென்னையில் நடக்கிற கதையை அப்படியே புதுச்சேரிக்குத் தூக்கி வந்தேன். கடைசிக் காட்சியில் கொலைகார டிரைவருக்கு விலங்கு மாட்ட ஒரு போலீஸ் வேண்டும். "அசல் ஏட்டே இருக்காரு சார்" என்று கெப்பியைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான்.

கேமரா ஓடியது. கெப்பி விலங்கை எடுத்தார். டிரைவராக நடித்த பையனை ஏற இறங்கப் பார்த்தார். விலங்கை மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இவன நான் புடிக்க மாட்டேன் சார். சாட்சி பொய் சொல்றான்."

"எந்தச் சாட்சிய்யா?" என்றார் டைரக்டர்.

"காலைல எடுத்த சீன்ல அந்தத் தையக்காரன் சாட்சி சொன்னத கேட்டுக்கிட்டுதான நின்னேன்! மத்தியானம் ரெண்டு மணிக்கு கடையில தச்சிக்கிட்டு இருந்தானாம், இவன் கத்தியோட ஓடனானாம். ரெண்டு மணிக்கு இந்த ஊர்ல எவன் சார் கடய தொறந்து வெச்சிருக்கான்? ஷட்டர எறக்கிட்டு, சாப்ட்டு, தூங்கிக்கிட்டு இருப்பான்!"

வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் "அதான!" என்றார்கள். பிறந்ததிலிருந்து இதே ஊரில் மத்தியானம் தூங்குகிறவன், எழுதும்போது கோட்டை விட்டிருக்கிறேன்.

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "ஷூட்டிங்குக்கு எடுத்த இந்த வீடு இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் நமக்கு. ஒரு மணி நேரத்துல சரி பண்ணலன்னா நான் வேற ரைட்டரப் பார்த்துக்கறேன்."

கெப்பியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "ஏட்டய்யா, என் பொழப்பு போயிடும்!"

"போனா வேற பொழப்பு பாத்துக்கலாம் தம்பி. அவன் தூக்குல தொங்கிட்டா?"

பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடை மூடியிருந்ததென்றால் தையல்காரன் எங்கே இருந்தான்? ஏன் பொய் சொன்னான்? அட, கொன்றதே அவன்தானே! மடமடவென்று எழுதிக் கொடுத்தேன். "நாவலப் படிச்சவனாலயும் கண்டுபிடிக்க முடியாதே!" என்று டைரக்டர் குதித்தார். ஆனால் தையல்காரனாக நடித்தவர், தன் வேலை முடிந்ததென்று சற்று முன்புதான் சென்னை பஸ் பிடிக்கப் போயிருந்தார். போனையும் எடுக்கவில்லை.

கெப்பி போலீஸ் வேஷத்தோடு ஸ்கூட்டரில் பறந்தார். காலாப்பட்டு ஸ்டாப்பில் பஸ்ஸை மறித்து, "உள்ள ஒரு கொலகாரன் இருக்கான், எறக்கி வுடுங்க" என்றாராம். பஸ்ஸே வெலவெலத்துப் போயிருக்கிறது. அந்த நடிகரை ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்து, ஒரே டேக்கில் விலங்கு மாட்டினார். என் வேலை தப்பியது.

தொடரின் முடிவை அவர் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தேன். டி.வி.யில் தன் முகம் வந்ததைக்கூட அவர் கண்டுகொள்ளவில்லை. முடிந்ததும் என் பக்கம் குனிந்தார்.

"அந்தப் புள்ளைய வுட்டுட்டாங்கல்ல?"

"வுட்டாச்சு ஏட்டய்யா. வூட்டுக்குப் போயி சாப்ட்டுட்டுத் தூங்குறான்."

அப்புறம்தான் ஆறிப்போன காபியைக் கையில் எடுத்தார். என்றைக்காவது என் மேல் வீண்பழி விழுந்தால், என்னைப் பிடிக்க இந்த மனுஷன்தான் வர வேண்டும்.