அப்பாவுக்கும் தூத்துக்குடிக்கும் நாலு பொருத்தம்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பிறகு.

கர்த்தருக்குள் பிரியமான எபி சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் கெசியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. சித்திக்கும் ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம், அப்பாவைத் தவிர. அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டும் யாரும் போனை எடுக்காததற்குக் காரணம், நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் போனுக்கு வெளியேயும் கேட்கும். அப்பா பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.

அப்பாவுக்குத் தூத்துக்குடியில் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வந்தது உங்களுக்குத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு சங்கரன்கோவிலுக்குக் கேட்டபோது வெயில் என்றார், நாங்குநேரிக்குக் கேட்டபோது காற்று என்றார். மூன்றாவது முறையும் மாட்டேன் என்றால் இனிக் கேட்கவே மாட்டார்களாம். உத்தரவு வந்த அன்றே அம்மா பாதிப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டார்கள். அப்பாவோ, "அந்த ஊரு குணம் நமக்குத் தெரியாதே" என்று பக்கத்து மேஜை முத்துமாலை மாமாவிடம் சொல்லியிருக்கிறார். முத்துமாலை மாமா அலுவலக நேரம் போக ஜாதகம் பார்ப்பவர். "பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பாக்குதோம், ஆளுக்கும் ஊருக்கும் பாக்கண்டாமா வே? ஊரு பொறந்த தேதியைக் கொண்டாரும்" என்று அவர் சொல்ல, அப்பா அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நம் வீட்டில் ஜாதகமா என்று நீங்கள் கேட்பீர்கள், அம்மாவும் கேட்டார்கள். "எனக்கா பாக்குதேன்? ஊருக்குத்தான பாக்குதேன். சபையில சேந்தது நானு, ஊரு சேரலையே" என்றார் அப்பா. "ஊரைக் கட்டிக்கவா போறீங்க? வாடகைக்குத்தான இருக்கப் போறோம்?" என்றார்கள் அம்மா. அப்பா என் பக்கம் திரும்பினார். இந்த வீட்டில் புத்தகம் படிக்கிற ஆள் நான் என்பதால், தேதி கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

சித்தப்பா, ஒரு ஊர் எப்போது பிறக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் தெளிவாக இருக்கிறது, இரண்டாவதைத் திறந்தால் குழம்பிவிடுகிறது. முதலில் துறைமுகம் கொற்கை, நம் தாமிரபரணி மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது, பிறகு காயல், அதற்கும் அதே கதி, பிறகுதான் தூத்துக்குடி. அப்படியானால் மூன்றாவது பிள்ளை, ஆனால் எந்தக் கிழமை பிறந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான் வெறுங்கையோடு வந்ததும் அப்பா கொஞ்சமும் கலங்காமல், "பொறந்த தேதி தெரியலன்னா ஞானஸ்நானத் தேதி போதும். நம்ம கோயில்ல எத்தனை பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார். ஊருக்கு ஏது ஞானஸ்நானம் என்று நினைத்தேன். உண்டு! போர்ச்சுக்கீசியர் வந்தபோது கரையோர மக்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. "அது ரோமன் கத்தோலிக்கம்லா? டச்சுக்காரன் வந்த வருசத்தைப் பாரு, அவன் நம்மாளு." முத்துமாலை மாமாவோ, "எந்த சபையானாலும் ராகு ராகுதான் வே, ஏதாவது ஒண்ணைச் சொல்லும்" என்று கோபித்துக்கொண்டார்.

கடைசியில் நான் தேடிக் கொடுத்த நான்கு தேதிகளுக்கும் கட்டம் போட்டார். போர்ச்சுக்கீசியர் கணக்கில் ஊருக்குக் கொடுக்கிற கை, ஆனால் மூக்குக்கு மேல் கோபம். டச்சுக்காரர் கணக்கில் சனி பார்ப்பதால் சிரிக்கவே சிரிக்காது. நகராட்சி ஆன தேதிப்படி தண்ணீருக்கு அலையும். நம் ஜில்லாவை விட்டுத் தனிக்குடித்தனம் போன தேதிப்படி ரிஷபம், உப்பை விற்றே மாடி கட்டும். இதில் எது உண்மை என்று யோசித்தேன். போன லீவில் தூத்துக்குடியில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது பஸ்ஸில் கண்டக்டர் என்னை ஏசினார், மக்ரூன் கடைக்காரர் சும்மா ஒரு கை அள்ளிக் கொடுத்தார், சித்தி குழாயைத் திறந்து திறந்து பார்த்தார்கள், ஆட்டோக்காரர் கடைசிவரை சிரிக்கவில்லை. எல்லாமே உண்மைதான். பிறந்தநாள் தெரியாமலே இத்தனை குணத்தோடு ஒரு ஊர் தன் பாட்டுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கே வரவேண்டும் போல இருக்கிறது.

ஆனால் எந்தக் கட்டத்தைப் போட்டாலும் பத்துக்கு நாலு பொருத்தம்தான். அப்பாவின் பிறந்த தேதியே முதல் வகுப்பில் வயது போதாமல் தலைமையாசிரியர் கூட்டி எழுதியதுதானே என்று அம்மா நினைவூட்டினார்கள். "சர்க்காரே அதை ஒத்துக்கிட்டுது, கிரகம் ஒத்துக்கிடாதா?" என்று அப்பா கேட்டுவிட்டு, நாளைக்கே மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா சாக்கையும் அவிழ்க்கவில்லை, பேசவும் இல்லை. ஒரே சட்டியில்தான் எல்லாச் சமையலும். நீங்கள் உடனே வந்து அப்பாவிடம் பேச வேண்டும். தயவுசெய்து சிரிக்காமல் பேச வேண்டும்.

உங்களையும் சித்தியையும் கர்த்தர் கண்ணின் மணிபோலக் காப்பாராக, குழாயிலும் தண்ணீர் தருவாராக.

உங்கள் அன்பு மகள்,
கெசியா

பின்குறிப்பு (திங்கட்கிழமை): தபால்தலை இல்லாததால் நேற்றுக் கடிதத்தைப் போடவில்லை. இன்று அப்பா மாட்டேன் என்று எழுதிய தாளோடு எழுந்தபோது முத்துமாலை மாமா, "நல்ல முடிவு. நீரு வேண்டாம்னா வரிசையில அடுத்து நான்தான்" என்றாராம். "உமக்கும் அந்த ஊருக்கும் எத்தனை பொருத்தம் வே?" என்று அப்பா கேட்டிருக்கிறார். "ஒம்பது." அந்த இடத்திலேயே அப்பா தாளைக் கிழித்துவிட்டு, போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே மேலே உள்ளதை மறந்துவிட்டு நீங்கள் எங்களுக்குப் பார்த்து வைத்த வீட்டின் சொந்தக்காரரிடம் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஜாதகத்தில் அப்பாவுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை என்று முத்துமாலை மாமாவுக்குக் காட்டுவதற்காக வருகிற ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு, சரியாக ராகுகாலத்தில் கிளம்புகிறோம். காலண்டரைப் பார்த்து நேரம் குறித்தது அப்பாதான்.