பாப்பாவின் ஐந்தாவது பாடம்

பேரன்புக்குரிய அக்கா அவர்களுக்கு, தம்பி பணிவுடன் எழுதுவது. தாங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். எனக்கு மட்டும் கழுத்தை இடது பக்கம் திருப்ப முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் விறைப்பாக உட்கார்ந்ததில் வந்தது, சரியாகிவிடும். நிற்க.

நான் இந்த வயதில் காலேஜில் சேர்ந்துவிட்டதாக என் வீட்டுக்காரி தங்களிடம் போனில் சொல்லிச் சிரித்தாளாம். சேர்ந்தது உண்மைதான். மொத்தம் ஒன்றரை நாள். ஆனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லாவிட்டால், அத்தான் இதை வைத்தே அடுத்த பத்து வருஷத்தை ஓட்டிவிடுவார். ஆகவே முழு விவரமும் எழுத்தில் தருகிறேன்.

பாப்பா சேர்ந்திருக்கும் காலேஜில் நம் காலத்தைப் போல எல்லாருக்கும் ஒரே பாடம் என்று கிடையாது. முதல் வருஷப் பிள்ளைகள் ஐந்து பாடம் எடுக்க வேண்டும். மூன்று கட்டாயம், நாலாவது ஒரு மொழி, ஐந்தாவது அவரவர் விருப்பம். எந்த நாள், எந்த மணி, எந்தப் பிரிவு என்று முன்கூட்டியே திட்டம் போட்டு, ஆலோசகர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, குறித்த நாளில் காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். அசந்தால் இடம் போய்விடும். இதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது அக்கா. பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருஷமாக நேர அட்டவணை போடுகிறவன் நான். என் மகளுக்கு ஒரு அட்டவணை போட மாட்டேனா. அன்று சாயங்காலமே பெரிய சார்ட் தாள் வாங்கி, சாப்பாட்டு மேசையை மறித்து, நாலு வண்ணப் பென்சிலில் கட்டம் போட்டேன். ஒரு வண்டி சும்மா நின்றாலே எனக்கு வயிறு எரியும், உனக்குத் தெரியும். அதே மாதிரி பாப்பாவையும் ஒரு நிமிஷம் நிற்க விடாமல் காலை எட்டிலிருந்து மத்தியானம் ஒன்றரை வரை தொடர்ந்து ஓட விட்டு, ஐந்தாவது பாடமாகக் கணக்கியலைச் சொருகி, மூன்றே நாளில் வாரத்தை முடித்துவிட்டேன். இவள் கண் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஜனங்களை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்துக் கடைசி வரியைப் படி, கடைசி வரியைப் படி என்கிறவள். என் சார்ட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, இதுல பாப்பா எங்க இருக்கா, எனக்குத் தெரியலையே என்றாள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

ஆலோசகரைப் பார்க்கப் பிள்ளைகள் மட்டும் வந்தால் போதும் என்றுதான் கடிதத்தில் போட்டிருந்தது. சார்ட்டைச் சுருட்டினால் பஸ்ஸில் கசங்கும், நான் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று கூடவே போனேன். நரைத்த தலையாக எதிர்பார்த்தேன். பார்த்தால் பாப்பாவைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும், கண்ணாடி போட்ட பெண்பிள்ளை. சார்ட்டை மேசையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு புத்தகம் வைத்து, ரொம்ப மரியாதையாக, ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம் கேட்டது:

“சார், இவங்க எப்ப சாப்பிடுவாங்க?”

யோசித்துப் பார்த்தால் சாப்பாட்டுக்கு நான் கட்டமே போடவில்லை. அது மட்டுமா, ஒன்பது மணி வகுப்பு முன் வாசல் கட்டடத்தில், அடுத்தது விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் நடக்க ஒரு நிமிஷம்கூட விடவில்லை. ஊருக்கே ஓட்ட நேரம் கணக்குப் போடுகிறவன், சொந்த மகளை ஒரு நிறுத்தத்திலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கவிட்டிருக்கிறேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அடுத்த வருஷத்துக்குக் கதவு திறந்துவிடுகிற பாடங்களை முதலில் போடணும், கஷ்டமான இரண்டை ஒரே நாளில் வைக்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் மாற்றாக ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளணும், பாட எண்களை முன்னாடியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் எட்டு மணிக்குத் தேட வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னது. பிறகு பாப்பாவைப் பார்த்து, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டது. கணக்கியல் என்றேன் நான். மறுபடி பாப்பாவைப் பார்த்துக் கேட்டது. எதிர்காலம் இருக்கிற எதுவும் என்றேன். மூன்றாவது தடவையும் நான்தான் பதில் சொன்னேன். அப்போதுதான் ஒரு ரோஸ் கலர் படிவம் வேணும், பின்னால இருக்கிற கட்டடத்துல இரண்டாவது மாடியில கொடுப்பாங்க, நீங்க வாங்கிட்டு வர முடியுமா சார் என்று என்னை அனுப்பியது. மூன்று கட்டடம் ஏறி இறங்கினேன். ரோஸ் கலர் படிவம் என்று ஒன்று அந்தக் காலேஜிலேயே கிடையாது என்று கடைசியில் ஒரு பியூன்தான் பரிதாபப்பட்டுச் சொன்னார்.

திரும்பி வந்தால் என் சார்ட் ஒழுங்காகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு ஓரமாக இருக்கு. மேசையில் ஒரு அரைத்தாள், பாப்பா கையெழுத்தில் ஐந்து வரி. ஐந்தாவது வரி, பாறைகளும் நிலமும். கல்லைப் பற்றிய படிப்பு அக்கா. வழியெல்லாம் சார்ட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன். கோபம் என்று நினைத்துவிடாதே. பதினெட்டு வருஷமா ஒரே வீட்டில இருக்கோம், அவளுக்குக் கல்லு பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. முன்னப்பின்ன தெரியாத ஒரு பெண்ணுக்கு அரை மணியில தெரிஞ்சுபோச்சு.

இனிமேல்தான் விஷயம். பதிவுக்கு முந்தின நாள் இவளும் பாப்பாவும் வெளியே போயிருந்தாங்க. நாளைக்கு எட்டு மணிக்குத் தடுமாறக் கூடாதேன்னு ஒரு ஒத்திகை பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். பாப்பாவோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. வெளியாட்களும் சேர்ந்து படிக்கலாம்னு சில பாடத்துக்குப் பக்கத்துல போட்டிருந்துது, புதியவர் இங்கே அழுத்தவும்னு இருந்துது, அழுத்தினேன். பேரு, வயசு, விலாசம் எல்லாம் கேட்டுது, கேட்டவங்களுக்கு மரியாதையா பதில் சொன்னேன். எந்தப் பாடம்னு கேட்டப்போ, அந்தக் கல்லுலதான் அப்படி என்ன இருக்குன்னு பார்ப்போமேன்னு அதையே தொட்டேன். உறுதி செய்கன்னு வந்துது. ஒத்திகைதானேன்னு உறுதி செஞ்சேன். உடனே வாழ்த்துகள்னு ஒரு மெயில். மெஷின் எவ்வளவு பண்பா நடந்துக்குதுன்னு சந்தோஷப்பட்டு மூடி வெச்சுட்டேன்.

மறுநாள் காலையில லீவு போட்டு பாப்பா பக்கத்துல உட்கார்ந்தேன். எட்டு மணி. எண்களை எழுதி வெச்சிருந்ததால நாலு பாடம் மளமளன்னு விழுந்துது. ஐந்தாவதுக்கு, முப்பது இடமும் நிரம்பிவிட்டது, காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள்னு வந்துது. பாப்பா தாளை மடிச்சு வெச்சுட்டு, பரவாயில்லப்பா, மாற்றா எழுதினதை எடுத்துக்கறேன்னா. அந்தக் குரலைக் கேட்டுட்டு என்னால வீட்டுல இருக்க முடியலை. சட்டையை மாட்டிக்கிட்டு நேரா ஆலோசகர் பொண்ணுகிட்ட போனேன். எட்டு மணிக்கு முன்னாடியே எவனோ குறுக்கு வழியில நுழைஞ்சிருக்கான், முதல் வருஷப் பிள்ளை இடத்தைப் பறிக்கிறது நியாயமான்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். அது பொறுமையா கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்துட்டு, திரையை என் பக்கம் திருப்பிச்சு.

“சார், இது உங்க பேரா?”

என் பேருதான். வயசு ஐம்பத்திமூணு, விலாசம் நம்ம வீடு. மகள் இடத்துல நான் உட்கார்ந்திருக்கேன் அக்கா.

விலகல் படிவம் ஒண்ணு கொடுத்தாங்க, இது நிஜப் படிவம், வெள்ளை. காரணம்னு ஒரு கட்டம் இருந்துது. இந்த இடம் என் மகளுடையதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொண்ணு வாங்கிப் படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுது. நான் மேஜைமேல இருந்த பேனாவையெல்லாம் வரிசையா அடுக்கிக்கிட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவள் சிரிச்ச சிரிப்பு உனக்கு போன்லயே கேட்டிருக்கும். பாப்பா சிரிக்கலை, ஏன்ப்பா அந்தப் பாடத்தைத் தொட்டீங்கன்னு கேட்டா. நீ என்ன படிக்கப் போறேன்னு பார்க்கத்தான்னேன்.

“என்கிட்டயே கேட்டிருக்கலாமேப்பா.”

அப்புறம் உட்கார்ந்து, ஒரு கல்லை உடைச்சா உள்ள கோடு கோடா எத்தனையோ லட்சம் வருஷம் இருக்கும்னு ஒரு மணி நேரம் சொன்னா. நான் நடுவுல பேசவே இல்லை. இவளே சாட்சி.

ஆகவே அக்கா, பாப்பா ஐந்தாவது பாடத்தில் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரியும். இனி அவள் படிப்பில் நான் மூக்கை நுழைப்பதில்லை என்று முடிவு செய்து சார்ட்டையும் மேல் அலமாரியில் போட்டுவிட்டேன். தாங்களும் தங்கள் மருமகளை வாயார வாழ்த்தி நாலு வரி எழுதவும். அத்தானுக்கு என் வணக்கம். மூட்டு வலிக்குத் தைலம் மறக்காமல் தடவிக்கொள்ளவும்.

என்றும் தங்கள் பிரியத்துக்குரிய
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் பையிலேயே வைத்து எட்டு நாள் ஆகிவிட்டது. இதற்குள் பாப்பா மூன்று வகுப்புப் போய்வந்துவிட்டாள். கல் அசையவே மாட்டேங்குதாம். பக்கத்து அறையில் பூச்சிகளைப் பற்றி நடத்துகிறார்களாம், ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம், அதுதான் வேணுமாம். இரண்டு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமாம். நாளைக் காலை எட்டு மணிக்குப் பக்கத்தில் உட்காருவீர்களா என்று அவளே என்னைக் கேட்டாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.