வாசலுக்கு வராத பாதை

சிமென்டை மோந்து பார்த்துப் பதம் சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. டீமேக்கர் என்றால் பஸ் கண்டக்டர்கூட வீட்டைக் காட்டுவார். கொழுந்து வாடியதா, புளித்ததா என்று தேயிலை ஃபேக்டரியில் மூக்காலேயே தீர்ப்புச் சொல்கிற பதவி அது.

தேயிலை விலை விழுந்து அந்த ஃபேக்டரியைப் பூட்டிய வருஷம். எங்கள் கேட்டிலிருந்து வாசல்வரை இருந்த மண் பாதை மழையில் பாசி பிடித்து, என் மனைவி இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். கான்கிரீட் போட்டுவிடலாம் என்று கொத்தனாரைத் தேடினேன். டீமேக்கர் வேலியைத் தாண்டியே வந்துவிட்டார்.

"கொத்தனார் எதுக்குங்க? நானிருக்கறேன்."

மறுநாள் காலையில் ஃபேக்டரி காக்கிச் சட்டையோடு ஆஜரானார். சிமென்ட், மணல், ஜல்லியைத் தண்ணீர் விட்டுக் கலந்து, கொழுந்தை வாடப்போடுவதுபோலத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பினார். ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். இன்னும் வாசம் வரவில்லையாம்.

"ஏனுங்க, அது சிமென்டுங்க" என்றேன்.

"அவசரப்பட்டா காரியம் கெட்டுப்போயிருமுங்க."

மத்தியானம் தார்ப்பாயே கான்கிரீட் ஆகியிருந்தது. தெருவே திரண்டு வந்து அதை இழுத்துப் போட்டது.

அதன்பிறகு பாதை வளர்ந்தது. வாசலைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. கேட்டிலிருந்து குழாயடி, அங்கிருந்து பேரிக்காய் மரத்தைச் சுற்றிக் கோழிக்கூண்டு. ஒரு மாலை மூடுபனியில் பாதையை நம்பி நடந்தவன் கோழிகள் முன்னால் போய் நின்றேன். ஏன் இப்படி என்று கேட்டால் சரிவு, தண்ணீர் வாட்டம் என்று ஏதேதோ சொன்னார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை, தலையை ஆட்டிவைத்தேன்.

மனைவிக்குத்தான் புரிந்திருந்தது. "பாதை வாசலுக்கு வந்துட்டா நாளைக்கு அவரு எங்கீங்க போவாரு? சும்மா உக்காரத் தெரியாத மனுசனுங்க."

அந்த வார மழையில், பாதை போடாத வாசலோரத்தில் அவள் மறுபடியும் வழுக்கினாள். டீமேக்கரின் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கே பாதையை வாசலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் அதே காக்கிச் சட்டையோடு தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீ குடிக்கக் கூப்பிட்டேன். வேலையில்லாமல் எதற்கு என்று மறுத்துவிட்டார். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, வாசலோரம் கல்லாய் இறுகியிருந்த பாதையில் ஒரு முழத்தைக் கடப்பாரையால் பெயர்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டனுப்பினேன்.

வந்தவர் குனிந்து பார்த்துக் குழம்பிப்போனார். "காத்தால நல்லாத்தானுங்க இருந்துச்சு?"

"எனக்கும் ஒண்ணும் புரியலைங்க" என்றேன். "உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் பாக்கலாம்."