மூன்று நட்டில் திண்டிவனம்

எதையாவது கழற்றி மாட்டினால் கடைசியில் இரண்டு திருகாணி மிஞ்சிப்போவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு மனிதர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். எனக்கு மிஞ்சவில்லை. ஒன்று குறைந்தது. அதுவும் கார் சக்கரத்தில்.

நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். உராய்வு, விசை, வேகம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே, "முன்னாடி பிரேக் பேடு சுத்தமா தேஞ்சி போச்சு சார், திங்கக்கிழமை வாங்க, மாத்திடலாம்" என்று மெக்கானிக் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. உராய்வைப் பற்றி எனக்கே திங்கட்கிழமையா?

தவிர, ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கவிதாவின் தம்பி செந்திலுக்குப் பெண் பார்க்கத் திண்டிவனம் போக வேண்டும். அவனுக்கு ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமையட்டும் என்று மாமியார் முட்டிவலியோடு பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு ஏறி வேண்டிக்கொண்டு வந்திருந்தார். மாமனார் வீட்டில் கார் கிடையாது. மாப்பிள்ளையின் கார்தான் குடும்ப கௌரவம்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு ஆரம்பித்தேன். வீடியோக்காரன் பன்னிரண்டு நிமிடத்தில் செய்ததை நான் நான்கு மணி நேரத்தில் முடித்தேன். (நடுவில் இரண்டு விளம்பரம் வந்தது.) பேடுகள் அழகாக உட்கார்ந்தன. இடது சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன், நான்கு நட்டில் மூன்றுதான் இருந்தது.

செருப்பை உதறினேன். சாக்கடையில் டார்ச் அடித்தேன். பக்கத்து வீட்டு நாய் எதையோ மென்றுகொண்டிருந்ததால் அதன் வாயைத் திறந்து பார்க்கப் போனேன். அது ஒத்துழைக்கவில்லை. கடைசியில் ஆழ்ந்து யோசித்தேன். ஆட்டோவே மூன்று சக்கரத்தில் ஓடும்போது, ஒரு சக்கரம் மூன்று நட்டில் ஓடாதா? வீல் கேப்பை மேலே வைத்து அழுத்தி மூடினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. கவிதாவிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை வளவனூர் போய் மாமனார், மாமியார், செந்தில் மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அதுவரை சத்தமில்லாமல் வந்த வண்டி நகர்ந்ததும் இடது பக்கம் முன்னாலிருந்து வந்தது சத்தம்: லொடக்... லொடக்... லொடக்...

"இன்னா மாப்ள சத்தம்?" என்றார் முன் சீட்டிலிருந்த மாமனார்.

"புது பேடு மாமா. டிஸ்க்கோட பழகணும். புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி."

"அப்ப இன்னும் இருபது வருஷம் கேக்கும்" என்றாள் பின்னாலிருந்து கவிதா.

மாமியார் தன் முறுக்கு டப்பாவைச் சந்தேகப்பட்டார். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லொடக். கட்டிப்பிடித்துக்கொண்டார். லொடக். டப்பாவைத் திறந்து, "ஆளுக்கு ரெண்டு தின்னுங்க, காலியானா நிக்குதான்னு பாப்போம்" என்றார். பெண் வீட்டுக்கென்று சுட்ட முறுக்கை விழுப்புரம் தாண்டுவதற்குள் தின்று தீர்த்தோம். சத்தம் நிற்கவில்லை.

ஆனால் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் சட்டென்று நின்றது!

"பாத்தீங்களா? பழகிடுச்சி" என்று ஆரம்பித்து, உராய்வு பற்றி ஒரு பாடமே எடுத்தேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். (என் வகுப்பிலும் அப்படித்தான்.) டோல்கேட்டில் வேகம் குறைந்தது. லொடக். தாண்டி வேகமெடுத்தோம், அமைதி. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம், லொடக். எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்க, எனக்குக் காணாமல் போன நட்டின் நினைவாகவே இருந்தது. சக்கரம் தனியாகக் கழன்று எங்களுக்கு முன்னால் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்வது போல ஒரு காட்சி கண்முன் வந்து வந்து போனது.

திண்டிவனத்தில் குறுகலான தெருவுக்குள் நுழைந்ததும் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதி எதிரொலித்தது.

"இந்தச் சத்தத்தோட பொண்ணு ஊட்டாண்ட போய் நின்னா பழைய இரும்பு வாங்கறவன்னு நெனச்சிப்பாங்க. ஊடு அடுத்த தெருதான். இங்கயே இன்னான்னு ஜல்தியா பாத்துடு மாப்ள" என்றார் மாமனார்.

நான் இறங்கினேன். "கவிதா, நீ மெதுவா ஓட்டு. நான் பக்கத்துலயே வந்துக்கினு சத்தத்தக் கேக்கறேன்."

வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, காதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து நண்டு போல நடந்தேன். லொடக், லொடக். "இன்னும் கொஞ்சம் ஸ்பீடு!" என்று கத்தினேன். கவிதா மிதித்தாள். நான் ஓடினேன். ஒரு செருப்பு பின்தங்கியது. "கவிதா, நிறுத்து! நிறுத்துடி!" என்று அலறினேன். அவள் காதில் விழவில்லை. மாமனாரோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓடியா மாப்ள, ஓடியா!" என்று கையாட்டினார்.

வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, ரப்பர் குழாயோடு நடுத்தெருவுக்கு வந்து கையை விரித்து நின்றார். கார் நின்றது.

"ஏம்மா, இன்னா கோவம் இருந்தாலும் கட்டின புருஷன இப்படி ரோட்டுல ஓட வுடுவியா? மூஞ்சப் பாரு, அழுவுறாரு!"

(அது வியர்வை.)

எதிர் வீட்டுக் கதவு திறந்து பத்துப் பேர் வெளியே வந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மாமனாரை உற்றுப் பார்த்தார். "நீங்க... வளவனூர்லருந்து வர்றவங்களா?"

அடுத்த தெரு இல்லை. இதுதான் பெண் வீடு. வெள்ளைச் சட்டை, பெண்ணின் அப்பா.

அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்ணே வந்து நின்றாள். பெயர் அகிலா. ஒரு டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் கவுன்டரில் வேலை. நாங்கள் அவளைப் பார்க்க வந்திருந்தோம். அவள் எங்கள் சக்கரத்தைப் பார்த்தாள்.

"மெதுவா போனா சத்தம் வருதுங்களா?"

"ஆமாம்மா."

"ஸ்பீடா போனா நின்னுடுதுங்களா?"

"ஆமாம்மா."

"வீல் கேப்பக் கழட்டுங்க."

புதுச் சட்டையோடு செந்தில் பாய்ந்து கழற்றினான். உள்ளிருந்து ஒரு நட்டு விழுந்து, உருண்டு, அவள் காலடியில் போய் நின்றது. தொலைந்துவிடக் கூடாதே என்று நான்கு நட்டையும் வீல் கேப்பை மல்லாத்தி அதில்தான் போட்டு வைத்திருந்தேன். ஒன்று அதன் கம்பி வளையத்துக்கு அடியில் மாட்டி, வளவனூர் போனபிறகு கழன்று உருண்டிருக்கிறது. உலகத்தையெல்லாம் தேடியவன் அதற்குள் மட்டும் பார்க்கவில்லை.

"வேகமா சுத்துறப்ப ஓரத்துல ஒட்டிக்கினு இருக்கும். மெதுவானா உழுந்து உருளும். பிளஸ் ஒன் பிசிக்ஸ்லயே வருமே" என்றாள் அகிலா.

மாமியாருக்கு ஒரே பெருமை. "எங்க மாப்ளயும் பிளஸ் ஒன் பிசிக்ஸ் வாத்தியார்தாம்மா!"

அந்தத் தெருவில் அப்போது நிலவிய அமைதியை நான் எந்த வகுப்பறையிலும் கண்டதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவள் குனிந்து எண்ணினாள். "மூணு நட்டுலயா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

மாமியார் காரை விட்டு நான்கடி தள்ளி நின்றுகொண்டார். கவிதா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பெண்ணின் அப்பா மாமனாரைத் தனியாக அழைத்துப் போனார். ஐந்தாவது இடமும் என்னால் போயிற்று என்று நினைத்தேன். அதற்குள் அகிலா ஸ்பேனரை வாங்கிப் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு நாலாவது நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். செந்தில் இரண்டு கையிலும் கறுப்பு மையோடு, "எனக்குப் புடிச்சிருக்கு" என்றான்.

"மொதல்ல கையக் கழுவிக்கினு வாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெண்ணின் அப்பா திரும்பி வந்தார். "எங்களுக்குச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு, கல்யாணத்துக்குப் பொண்ண அழைச்சிக்கினு போற வண்டிய இவரு ஓட்டக் கூடாது."

நான் ஓட்டவில்லை. கல்யாணம் நன்றாகவே நடந்தது. இப்போது வெளியூர் என்றால் கவிதாதான் ஓட்டுகிறாள்.

ஆனால் அந்தத் தெருவில் நட்டுக் கதையை யாரும் நம்புவதில்லை. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போக, புருஷன் ஒற்றைச் செருப்போடு அழுதுகொண்டே ஓடி வந்தான் என்பதுதான் அங்கே வரலாறு. ஒவ்வொரு முறை போகும்போதும் ரப்பர் குழாய் அம்மா கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்பல்லாம் நல்லா வெச்சிக்கினு இருக்கியாம்மா?" என்று விசாரிக்கிறார். கவிதாவும் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா வெச்சிக்கினு இருக்கேங்க" என்கிறாள். இன்றுவரை ஒரு தடவைகூட மறுத்துச் சொன்னதில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா காருக்கு முன்னால் வந்து நின்றுகொள்வார். நான் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட் போடும்வரை நகர மாட்டார்.

"ஒக்காந்துட்டியாப்பா?"

"ஒக்காந்துட்டேங்க."

"சரி, இப்ப எடும்மா" என்று கவிதாவுக்கு அனுமதி கொடுப்பார்.