முயல் தலைக்குள்ளிருந்து வளர்மதி அத்தைக்கு

வரதராஜன்பேட்டையில் வாழும் மதிப்பிற்குரிய வளர்மதி அத்தை அவர்களுக்கு, பூலாம்பாடியிலிருந்து உங்கள் அண்ணன் மகன் விக்கி பணிவுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கு நீங்களும், மாமாவும், கொல்லையில் இருக்கும் கீரைப் பாத்தியும் நலமென்று நம்புகிறேன். "முயல் வேஷம் கட்டிக் குடும்ப மானத்தக் கப்பலேத்திட்டான்" என்று குடும்பக் குரூப்பில் வாய்ஸ் போட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் என்னைக் குரூப்பிலிருந்தும் தூக்கி, பிளாக்கும் செய்துவிட்டீர்கள். அதனால்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தபாலில் எழுதுகிறேன். எதையும் கேட்டு எழுதவில்லை அத்தை. நடந்ததைச் சொல்லத்தான்.

பிரவீணா அக்காவை உங்களுக்குத் தெரியாது. மிருகங்களை வைத்துச் சோதனை செய்வதை எதிர்த்து வீடியோ போடுகிறவர். அவர் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே எடிட்டிங் கற்றுக்கொண்டு, அவருக்கே எடிட் பண்ணி அனுப்பியவன் நான். "சூப்பர் தம்பி" என்று அவர் போட்ட பதில்தான் இப்போது அம்மா போனில் வால்பேப்பர். நம்ம பக்கத்து யுனிவர்சிட்டி ஒன்றில் நாலு முயலைக் கழுத்தோடு பூட்டிவைத்துக் கண்ணில் ஏதோ கிரீம் தடவிப் பார்க்கிறார்களாம். சோதனை முடிந்தால் கொன்றுவிடுவார்களாம். இதை மக்களிடம் சொல்லி நிறுத்த வைக்கணும், அந்த நாலையும் காப்பாத்தணும்னு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டோம். முயல் வேஷத்துக்கு ஆள் கேட்டாங்க. அக்கா கேட்டு நான் இல்லேன்னு சொல்லுவனா?

ஆனா ஒண்ணு மறந்துட்டோம் அத்தை. நம்ம ஊர்ல ஒருத்தன் மிருக வேஷம் போட்டு நின்னா, பின்னாடி புதுக்கடை தொறந்துருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல பெரிய வரிசையே நிக்குது. நோட்டீஸைக் கூப்பன்னு நெனச்சு மடிச்சு இடுப்புல சொருகிக்கிறாங்க. பொன்னாயின்னு ஒரு அம்மா வந்து, உசுரோட தருவீங்களா உரிச்சுத் தருவீங்களான்னு கேக்குறாங்க. நான் வேணாம் வேணாம்னு தலையாட்டுனா, அந்தப் பெரிய காது ரெண்டும் ஆடி, வாங்க வாங்கன்னு கூப்புடுற மாதிரி ஆயிருச்சு.

அப்பதான் அரியலூர் பஸ்ஸை நிறுத்திட்டு, கண்டக்டர் பையோட உங்க அண்ணன் வந்தாரு. நேரா என்கிட்டதான் வந்தாரு.

"தம்பி, அரைக் கிலோ போடு. எலும்பு கம்மியா."

"அப்பா, நான்தான்."

அவரு குனிஞ்சு முயல் வாய்க்குள்ள எட்டிப் பாத்தாரு. "டேய், பி.காம் முடிச்சிட்டு உள்ள என்னடா பண்ற?"

மேசை மேல வச்சிருந்த, கழுத்தப் பூட்டுன முயலோட படத்தைக் காட்டுனேன். கண்ணு ஆபரேஷனப்ப சொட்டு மருந்துக்கு அவரு அலறுனது உங்களுக்கே தெரியும், நீங்கதான காலைப் புடிச்சிருந்தீங்க. ரொம்ப நேரம் படத்தையே பாத்தாரு.

"கண்ணத் தொடச்சிக்கக்கூட வுட மாட்டாங்களா?"

மாட்டாங்கன்னேன். அவ்ளோதான், பையிலேர்ந்து விசிலை எடுத்து ஊதுனாரு. "கறிக்கு வந்தவங்கல்லாம் எறங்கிக்க. முயலுக்கு வந்தவங்க மட்டும் முன்னாடி வா."

அந்தக் குரலுக்குப் பழகின கூட்டம் அத்தை, ஒருத்தர் நகரல. விஷயம் மொத்தத்தையும் ஸ்டாப் ஸ்டாப்பா நிறுத்தி அவரே சொன்னாரு. பொன்னாயியம்மா மூக்கைச் சிந்துனாங்க. அவரு பேசுனதை எடுத்து நான் போட்ட வீடியோ பெரம்பலூர் தாண்டி, அரியலூர் தாண்டி எங்கேயோ போயிருச்சு. மறுநாளே அந்தச் சோதனையை நடத்துற யுனிவர்சிட்டி புரொபசர் சிவசுப்பிரமணியன் சார் அக்காவுக்குப் போன் பண்ணி, கண்ணு சோதனையை நிறுத்திட்டோம், முயலையும் தர்றோம், ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல வீடு காட்டணும், இல்லன்னா எங்களால வச்சுக்க முடியாதுன்னுட்டாரு.

வீட்டுக்கா பஞ்சம்? ஊரே கேட்டுச்சு. பொன்னாயியம்மா, தீபாவளி வரைக்கும் நல்லாப் பாத்துக்குவேன்னாங்க. நம்ம வூட்டுலயும் முடியாது, அப்பாவுக்குக் கண்ணுதான் மாறியிருக்கு, நாக்கு மாறல. கடைசியில அருமையான எடம் அமைஞ்சிருச்சு. பெரிய கொல்லை, சுத்திக் காம்பவுண்டு, அந்த வூட்டம்மா வேண்டிக்கிட்டுக் கறியை வுட்டே பல வருஷமாவுது. அக்கா கேட்டுட்டு அழுதுட்டாங்க. மானம் கப்பலேறல அத்தை, உங்க அண்ணன் பஸ்ஸுல ஏறி ஊர் ஊரா டிக்கெட் இல்லாமச் சுத்துது.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் முட்டி வலி தீர்ந்து, கோபமும் தணிந்து, நீடூழி வாழ வேண்டும் என்று வணங்கும்,

தங்கள் அன்பு மருமகன்
விக்கி

பின்குறிப்பு: அந்தக் கொல்லை உங்களுதுதான் அத்தை. மாமா என்னை பிளாக் பண்ணல, கேட்டதும் சரின்னுட்டாரு. உங்ககிட்ட சொல்லத்தான் அவருக்குத் தைரியம் இல்லயாம், அதான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை நாலையும் தூக்கிட்டு வரேன். அதுவரைக்கும் கீரையைப் பறிச்சுறாதீங்க.