பத்து மணிக்குத்தான் வேட்டி

நளன் குளத்தில் முங்கி எழுந்த திருஞானசம்பந்தம், கண்ணில் வழிந்த நல்லெண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கட்டைப் பார்த்தார். பெண்டாட்டியைக் காணோம். மகளைக் காணோம். அதைவிட முக்கியம், மாற்று வேட்டி சட்டை இருந்த பையைக் காணோம். கட்டிக்கொண்டு வந்த துணியை வழக்கப்படி அவிழ்த்துக் குளத்தில் விட்டாயிற்று. மிச்சம் இடுப்பில் ஒரு துண்டு. அதுவும் காசித்துண்டு. நனைந்தால் கண்ணாடி.

யாரையும் குறை சொல்ல முடியாது. திட்டம் அவருடையது.

அவர் மகள் பாரதிப்ரியா இப்போதுதான் ப்ளஸ் டூ முடித்தவள். கூடப் படித்த நாலு பேரோடு சேர்ந்து அரசாங்கத்தின் மேல் கேஸ் போடப் போகிறாள். பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது, தெரிந்தும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டு. சனிக்கிழமை சென்னையில் வக்கீல் ஆபீஸில் கையெழுத்து. பதினெட்டு ஆகாததால் பெற்றவர் ஒருவரும் கூடப் போட வேண்டும்.

திருஞானசம்பந்தம் அதே அரசாங்கத்தில் கிளார்க். கரையோரம் கல் கொட்டுகிற ஆபீஸ். கொட்டிய கல்லைக் கடல் கொண்டுபோகும். மறுபடி கொட்டுவார்கள். கடல் ஏன் வருகிறது என்று மட்டும் அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் எழுத வேண்டுமே. வரிச்சிக்குடியில் அவருடைய சொந்த வயலிலேயே பம்புசெட்டுத் தண்ணீர் உப்புக் கரித்தது. அதற்கு அவர் எடுத்த நடவடிக்கை, குழம்பில் உப்பைக் குறைக்கச் சொன்னது.

போன வாரம் அதிகாரி கூப்பிட்டார்.

"ஒம் பொண்ணு சென்னைக்குப் போனா நீ மாத்தலாயி ஏனாமுக்குப் போவய்யா. தெலுங்கு தெரியுமா?"

தெரியாது. இட்லி கேட்கக்கூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டி சொர்ணாம்பாளிடம், "அவளைப் போவ வேணாம்னு சொல்லு" என்றார்.

"நீங்களே சொல்லுங்க. பெத்த புள்ளதானே, கடிக்கவா போவுது."

மகளிடம் போனார்.

"கவர்மென்ட்டு சோத்தத் தின்னுட்டு அது மேலயே கேஸு போடுவியா?"

"சோறு வயல்லேருந்து வருதுப்பா. வயலு போவுதுன்னுதான் கேஸே."

"கடல் ஏறுனா கவர்மென்ட்டு என்னா பண்ணும்?"

"அதத்தான் நாங்களும் கேக்குறோம்."

"நான் கையெழுத்து போட மாட்டேன். என்னா பண்ணுவ?"

சொர்ணாம்பாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லாத நாளெல்லாம் அவர் தோற்ற நாள்தான்.

அவருக்கோ தன் கையெழுத்து இல்லாமல் அணுவும் அசையாது என்று நினைப்பு. இருந்தாலும் சனிக்கிழமை பூராவும் மகளைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்ள ஒரு வழி பிடித்தார்.

"வீட்டுக்கு சனி புடிச்சிருக்கு. சனிக்கிழமை காலையில எல்லாரும் திருநள்ளாறு."

சனியை நம்பினாரா என்றால், ஏனாமை நம்பினார்.

சொர்ணாம்பாள் உடனே ஒத்துக்கொண்டாள். "நல்ல யோசனைங்க. ஆனா மொதல்ல நீங்க முங்கணும். ஒங்க மேல இருக்குறதுதான் புள்ள மேல எறங்கியிருக்கும். விட்ட துணியத் திரும்பத் தொடக் கூடாது, தெரியும்ல? தொட்டா விட்ட சனியும் கூடவே வந்துரும். பை எங்கிட்ட இருக்கட்டும்."

இப்போது அவருடைய பழைய வேட்டி கைக்கெட்டும் தூரத்தில் மிதந்தது. மகள் சென்னைக்குத்தான் நழுவியிருப்பாள்; சுற்றிக்கொண்டு ஓடினால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம். கையை நீட்டினார். பக்கத்தில் முங்கிக்கொண்டிருந்தவர் பார்த்த பார்வையில், சனியை நம்பாத மனுஷன் கையை மடக்கிக்கொண்டார்.

படியேறினார். மேலே எண்ணெய் விற்கிற காசியம்மா மடியில் பை இருந்தது.

"அது எம் பையிம்மா."

"தெரியுங்க. பத்து மணிக்குத்தான் கொடுக்கணும்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அது என்னா பத்து மணி?"

"ஒம்பதரைக்குத்தானே மெட்ராஸ் பஸ்ஸு."

"எம் பொண்டாட்டி எதுக்கு மெட்ராஸ் போறா?"

"கையெழுத்து போட. பெத்தவங்க ஒருத்தர் போடணுமாமே. 'நீங்க மட்டுமா பெத்தீங்க'ன்னு ஒங்களக் கேக்கச் சொன்னாங்க."

திருஞானசம்பந்தம் துண்டை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். "பையக் குடும்மா. நான் கவர்மென்ட்டு ஆளு."

காசியம்மா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "அடையாளமே தெரியலீங்களே."

பைக்குள் செல்போன் அடித்தது. "இத மட்டும் அடிச்சா கொடுக்கலாம்னாங்க" என்று எடுத்து நீட்டினாள்.

அதிகாரி.

"பொண்ணு வீட்டுலதானேய்யா இருக்கு?"

"திருநள்ளாறுல சார். பஸ்ஸுல சார்."

"எந்த பஸ்ஸு?"

தேரடிப் பக்கம் ஹாரன் கேட்டது.

"இப்ப கெளம்புது பாருங்க, அது சார்."

"நின்னு பேசிக்கிட்டிருக்கியே. ஓடுய்யா. ஓடிப் போயி நிறுத்து."

திருஞானசம்பந்தம் ஓடவில்லை. ஓடினால் துண்டு நிற்காது.